எந்தச் சங்கத்தில் பணம் கட்டுவது? பெங்களூரில் ஒரு தமிழ் நூலகரின் கணக்கு

"சங்கத்துல சேரப்போறேம்மா" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னானாம். "வேலைக்குப் போய் முழுசா ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள ஸ்ட்ரைக்கா?" என்று அவன் அம்மா பதறிவிட்டார். எங்கள் கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்திருக்கும் கிருஷ்ணகிரிப் பையன் அவன். தீபாவளி போனஸில் ஐயாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்துவைத்து, நான்கு விண்ணப்பப் படிவங்களை பிரிண்ட் எடுத்து, சர்குலேஷன் மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, "அக்கா, எதுல கட்டட்டும்?" என்று நின்றான்.

குற்றம் அந்த அம்மாவுடையது இல்லை. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மில்லில் இருப்பதும் சங்கம், சாதிக்காரர்கள் வைத்திருப்பதும் சங்கம். பெங்களூரில் யாராவது வெறுமனே "சங்கத்துக்குப் போறேன்" என்றால் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கம் என்றுதான் அர்த்தம். நூலகர்களின் தொழில்முறைச் சங்கம் இது எதிலும் சேராது. சம்பளம் பாக்கி, பிஎஃப் கட்டவில்லை, கோடை விடுமுறையிலும் வரச் சொல்கிறார்கள் என்று இவர்களிடம் போய் நின்றால் காபி கொடுத்து, கவலையோடு கேட்டுக்கொண்டு, அனுப்பிவைப்பார்கள். அந்த வேலைக்குத் தொழிற்சங்கம் வேண்டும். என்னைப் போன்ற தனியார் கல்லூரிக்காரர்களுக்கு அதுவும் கிடையாது என்பது வேறு கதை.

இன்னொரு குழப்பமும் அவனுக்கு இருந்தது. நான்கு படிவங்களில் ஒன்று டெல்நெட்டுடையது. டெல்நெட் சங்கம் இல்லை, நூலகங்களின் வலையமைப்பு. 1988இல் டெல்லி இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் தொடங்கி, 1992இல் சொசைட்டியாகப் பதிவானது. அதில் உறுப்பினராவது கல்லூரி, நாம் இல்லை. நம் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை இன்னொரு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருவது அதன் முக்கிய வேலை. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட்டும் அப்படித்தான், பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் மையம். இவற்றுக்கெல்லாம் பணம் கட்ட வேண்டியது நிர்வாகம். போனஸ் காசை அதில் போடாதே என்று அந்தப் படிவத்தை எடுத்து டிராயரில் போட்டேன்.

மிச்சம் இருந்தவை மூன்று: இந்திய நூலகச் சங்கம், கல்கத்தாவின் ஐயாஸ்லிக், சென்னை நூலகச் சங்கம். கர்நாடக மாநிலச் சங்கத்தின் படிவத்தை அவன் எடுக்கவே இல்லை. ஏன் என்று கேட்டால், "கன்னடம் அவ்வளவா வராதுக்கா" என்றான். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் இருக்கிறது. பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. நூலகருக்கு இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. எந்தச் சங்கத்தின் அட்டையும் உரிமம் ஆகாது. அமெரிக்காவில் எம்.லிப். படிப்புக்கு அங்கீகாரம் தருவதே அமெரிக்க நூலகச் சங்கம். பிரிட்டனில் சிலிப் என்ற அமைப்பு 'சார்ட்டர்டு' பட்டம் தருகிறது, வேலை விளம்பரத்திலேயே அதைக் கேட்பார்கள். இங்கே பட்டத்தைப் பார்த்துக்கொள்வது யூஜிசி. தகுதிக்கு நெட், ஸ்லெட் தேர்வுகள். சங்கம் எங்கும் நடுவில் வராது.

பதவி உயர்வுக்கு மார்க் கிடைக்கும் என்று பலர் சேர்கிறார்கள். 2010 யூஜிசி விதிகளின் ஏபிஐ என்ற மதிப்பெண் கணக்கில், தொழில் வளர்ச்சிச் செயல்பாடுகள் என்ற தலைப்பின் கீழ், கருத்தரங்கு, பயிற்சி ஆகியவற்றோடு சங்க உறுப்பினர் என்பதையும் சேர்த்திருந்தார்கள். 2018 விதிகள் வந்தபோது அந்தக் கணக்கே மாறிவிட்டது. இன்னும் பழைய நினைப்பில் நாலைந்து சங்கங்களின் ஆயுள் உறுப்பினர் எண்களை பயோடேட்டாவில் அடுக்கி வைத்திருப்பவர்களை நேர்முகத் தேர்வுகளில் பார்க்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வரியில் கண்ணைக்கூட நிறுத்துவதில்லை.

உரிமமும் இல்லை, மார்க்கும் இல்லை என்றால் எதற்குச் சேர வேண்டும்? மனிதர்களுக்காக. கல்லூரியில் கணக்கு வாத்தியார் எட்டுப் பேர் இருப்பார்கள், ஒருவருக்கு ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து நாற்காலியில் கேட்கலாம். நூலகர் ஒற்றை ஆள். முதல்வருக்கும் நம் வேலை புரியாது, அட்டெண்டருக்கும் புரியாது. ஸ்டாக் வெரிஃபிகேஷனில் முந்நூறு புத்தகம் குறைந்தால் எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி எழுதலாம் என்று யாரிடம் கேட்பது? அதற்கு இன்னொரு நூலகர் வேண்டும். சங்கங்களை நான் ஒப்பிடுவது இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான். வேறு அளவுகோல் வைத்திருப்பவர்களுக்கு என் முடிவு பிடிக்காமல் போகலாம்.

சரி, பெரியதிலிருந்து வருவோம். இந்திய நூலகச் சங்கம், சுருக்கமாக ஐஎல்ஏ. 1933 செப்டம்பரில் கல்கத்தாவில் நடந்த முதல் அகில இந்திய நூலக மாநாட்டில் பிறந்தது. முதல் தலைவராகத் தேர்வான எம்.ஓ.தாமஸ் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காரர். பின்னால் 1944 முதல் 1953 வரை, இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் தலைவராக இருந்தார். இப்போது அலுவலகம் டெல்லியில். எல்லா வகை நூலகருக்கும் இடம் உண்டு: பொது நூலகம், பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம். ஆண்டு மாநாடு ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் நடக்கும். காலாண்டிதழ் ஒன்றும் உண்டு.

இதன் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: பரப்பு. நூலகச் சட்டம், தேசியக் கொள்கை, ஊதிய விகிதம் என்று மத்திய அரசிடம் பேச ஒரு குரல் வேண்டும் என்றால் அது ஐஎல்ஏ. அந்தக் குரலுக்கு ஆள் சேர வேண்டும் என்று நினைத்தால் கட்டாயம் சேரலாம், நானும் அதற்காகத்தான் சேர்ந்தேன். ஆனால் கே.ஆர்.புரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் உதவி நூலகருக்கு வியாழக்கிழமை மதியம் வரும் சிக்கலுக்கு அங்கிருந்து கை நீளாது. மாநாடு எங்கே நடந்தாலும் மூன்று நாள் லீவு, ரயில் டிக்கெட், பதிவுக் கட்டணம், தங்குமிடம். நிர்வாகம் 'ஆன் டியூட்டி' கொடுத்தால் பெரிது, பயணப்படி எதிர்பார்க்கவே வேண்டாம். ஆயுள் சந்தாவைவிட ஒரே ஒரு மாநாட்டுக்குப் போய்வரும் செலவு கூடுதலாக வரும் என்பதைச் சேரும்போது யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஐயாஸ்லிக் கதை வேறு. 1955 செப்டம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. பெயரிலேயே சிறப்பு நூலகங்கள், தகவல் மையங்கள் என்று இருக்கும். ஆராய்ச்சிக் கூடம், தொழிற்சாலை, வங்கி, அரசுத் துறை ஆகியவற்றின் நூலகங்களுக்காக ஏற்பட்டது. 1956 முதல் இதழ் வருகிறது. ஓர் ஆண்டு மாநாடு, மறு ஆண்டு கருத்தரங்கு என்று மாற்றி மாற்றி நடத்துகிறார்கள். இணையம் இல்லாத காலத்தில் ஜெர்மன், ரஷ்யக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தரும் சேவைகூட நடத்தினார்கள். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பெங்களூருக்கு ஐயாஸ்லிக் பொருத்தமாகத் தோன்றும், ஏனென்றால் இந்த ஊரே சிறப்பு நூலகங்களின் ஊர். ஐஐஎஸ்சி நூலகம் 1911லிருந்து இருக்கிறது. விமானம், விண்வெளி, பாதுகாப்பு ஆய்வு என்று ஒவ்வொரு வளாகத்துக்குள்ளும் ஒரு நூலகம் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர் யாராவது என்னிடம் கேட்டால் ஐஎல்ஏவைவிட ஐயாஸ்லிக்கை முதலில் சொல்வேன். பேசும் விஷயம் அவர்களுடையது. தொழில்நுட்ப அறிக்கைகளை எப்படி அட்டவணைப்படுத்துவது, காப்புரிமைத் தேடல், ஆய்வாளருக்கு வாரந்தோறும் புதுக் கட்டுரைப் பட்டியல் அனுப்புவது போன்றவை. பி.ஈ. மாணவனுக்குச் செமஸ்டர் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் எனக்கு அதில் பாதிதான் ஒட்டும். கல்கத்தா இங்கிருந்து ஒன்றரை நாள் ரயில் என்பது இரண்டு பேருக்கும் பொது.

துறைவாரிச் சங்கங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேலாண்மைக் கல்லூரி நூலகம் என்றால் மேன்லிப்நெட். மருத்துவக் கல்லூரி என்றால் இந்திய மருத்துவ நூலகச் சங்கம். நூலக அறிவியல் ஆசிரியர்களுக்கு 1969லிருந்து இருக்கும் ஐயாட்லிஸ். அந்தந்தத் துறையில் நிலையாக உட்கார்ந்துவிட்டவர்களுக்கு இவை தேசியச் சங்கங்களைவிடப் பயன். வேலை மாறிக்கொண்டே இருக்கும் வயதில் வேண்டாம்.

இனி நம்மவர்களுக்கு உண்மையில் நெஞ்சைத் தொடும் போட்டிக்கு வருகிறேன்: மாலாவா, கலாவா? சினிமா மாதிரி இருக்கிறது, என்ன செய்வது, இரண்டு சங்கங்களின் ஆங்கிலச் சுருக்கமும் அப்படி அமைந்துவிட்டது. மாலா, சென்னை நூலகச் சங்கம். கலா, கர்நாடக மாநில நூலகச் சங்கம்.

மாலாவுக்கு இருக்கும் சரித்திரம் இந்தியாவில் வேறு எந்த நூலகச் சங்கத்துக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லும்போதே கொஞ்சம் கர்வம் வருகிறது, மன்னியுங்கள். 1928 ஜனவரியில் தொடங்கியது. தொடங்கியதிலிருந்து 1945 வரை செயலாளர் ரங்கநாதன். 1929இல் சங்கமே ஒரு நூலகப் பயிற்சிப் பள்ளி நடத்தியது, 1931இல் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. நாம் எல்லாரும் பி.லிப். முதல் பரீட்சையில் மனப்பாடம் செய்து எழுதிய ரங்கநாதனின் ஐந்து விதிகள் இருக்கிறதே, அந்தப் புத்தகத்தை 1931இல் பதிப்பித்தது மாலாதான். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குள் புறப்பட்டது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரி, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சங்கத்தின் இருபது வருட நச்சரிப்பு இருக்கிறது.

சரித்திரம் சரி, பெங்களூரில் இருப்பவருக்கு இன்றைக்கு அதில் என்ன? இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, தமிழ்ப் புத்தகங்களைக் கேட்டலாக் செய்யும் சிக்கல்கள். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டு நூலகத்திலிருந்து பதிவை அப்படியே இறக்கினால் அப்பா பெயரைத் தூக்கி முன்னால் வைத்திருக்கும், ஆசிரியர் பின்னால் தொங்குவார். ஒரே எழுத்தாளர் மூன்று இடத்தில் மூன்று பேராக நிற்பார். புனைபெயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு முறை எனக்குத் தெரிந்த தமிழ் அமைப்பு ஒன்றின் சேகரிப்பை ஒழுங்குபடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். மறைமலையடிகள், வேதாசலம், சுவாமி வேதாசலம் என்று மூன்று அலமாரியில் ஒரே மனிதர் உட்கார்ந்திருந்தார். இதைப் பேச தமிழ் தெரிந்த நூலகர் வேண்டும், அவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இரண்டு, திரும்பிப் போகும் எண்ணம். தமிழ்நாட்டில் வேலை தேடுகிறவருக்கு மாலாவில் முகம் தெரிந்திருப்பது உதவும். எங்கே காலியிடம், எந்தக் கல்லூரியில் நூலகரை நூலகராக நடத்துகிறார்கள், எங்கே சாயங்காலம் பஸ் பாஸும் எழுதச் சொல்வார்கள் என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் வராது.

தூரமும் ஐஎல்ஏ அளவுக்கு மோசம் இல்லை. காலையில் லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை. ஆனால் கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் முதல் நாள் இரவே கிளம்ப வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை முடியும். மாதாமாதம் முடியாது.

கலா பற்றி எனக்கு வரலாற்றுப் பெருமிதம் எதுவும் இல்லை, அதனால் நேராக ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு திங்கட்கிழமை வருகிறது. அதற்கு முந்தைய மாதம்தான் பழைய சாஃப்ட்வேரிலிருந்து கோஹா என்ற நூலக சாஃப்ட்வேருக்கு மாறியிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு புத்தகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்தேன். 'அப்படி ஒரு புத்தகம் இல்லை' என்றது. அடுத்தது, அதுவும் இல்லை. அலமாரியில் புத்தகம் இருக்கிறது, வாங்கிய புத்தகங்களைப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தோடு இருக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. சுமார் பத்தாயிரம் புத்தகம் இப்படி. சாஃப்ட்வேரை நிறுவித் தந்தவர்கள் போனை எடுக்கவில்லை. அழாத குறை.

அதற்கு முந்தைய ஆகஸ்டில், நூலகர் தினத்தையொட்டி உள்ளூர் நூலகர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பாதிக்கு மேல் கன்னடம். எனக்கு மார்க்கெட் கன்னடம் மட்டும்தான் அப்போது. உப்பிட்டும் கேசரிபாத்தும் சாப்பிடும் இடத்தில் ஒரு பெரியவர், அரசுக் கல்லூரி நூலகர், தன் நம்பரைக் கொடுத்து, "ஏனாதரூ இத்ரே போன் மாடி", ஏதாவது இருந்தால் போன் பண்ணுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த நம்பருக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அடித்தேன். சனிக்கிழமை காலை கெங்கேரிப் பக்கத்திலிருந்து ஒரு லேப்டாப் பையோடு வந்துவிட்டார்.

எக்செல் ஃபைலைத் திறக்கச் சொன்னார். பார்கோடு வரிசையை ஒரு நிமிடம் பார்த்தார். "சொன்னெ எல்லி ஹோய்த்து?" என்று கேட்டார். சொன்னெ என்றால் பூஜ்யம், அது எங்கே போனது என்கிறார். புத்தகத்தில் ஒட்டிய பார்கோடு 00412. எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் இருந்த பூஜ்யங்களைத் தின்றுவிட்டு 412 என்று வைத்திருந்தது. கோஹாவுக்குள் போனது 412. ஸ்கேனர் படிப்பது 00412. பத்தாயிரத்துக்குக் குறைவான எண் உள்ள அத்தனை புத்தகத்துக்கும் இதே கதி. வரிசையை எழுத்தாக மாற்றி, ஐந்து இலக்கம் வரும்படி பூஜ்யங்களை நிரப்பி, மறுபடி ஏற்றினோம். நாற்பது நிமிட வேலை. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. என் டிபன் பாக்ஸிலிருந்த தயிர்சாதத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அந்தப் பெரியவரை டெல்லி மாநாட்டிலும் சந்தித்திருக்கலாம்தான். ஆனால் நடந்தது உள்ளூர்க் கூட்டத்தில். இப்போது பர்ப்பிள் லைன் மெட்ரோ முழுதாக ஓடுகிறது, 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டிலிருந்து செல்லகட்டா வரை. கே.ஆர்.புரத்தில் ஏறினால் கப்பன் பார்க்கும் பெங்களூர்ப் பல்கலைக்கழகப் பக்கம் இருக்கும் ஞானபாரதியும் ஒரே வண்டியில். உள்ளூர்க் கூட்டத்துக்குப் போக லீவு வேண்டாம், சனிக்கிழமை அரை நாள் போதும். கன்னடம் வராது என்பது சேராமல் இருக்கக் காரணம் இல்லை, சேர்வதற்குத்தான் காரணம். நம் மாணவர்களில் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள், நம் அலமாரியில் கன்னடப் புத்தகம் இருக்கிறது. நூலகர்களோடு பழகிப் பழகித்தான் எனக்குக் கன்னட எழுத்தே வாசிக்க வந்தது.

பெங்களூரில் இருப்பவருக்கு மட்டும் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. ரங்கநாதன் 1957க்குப் பிறகு இந்த ஊரில்தான் இருந்தார், 1972 செப்டம்பரில் இங்கேதான் காலமானார். 1962இல் அவர் தொடங்கிய ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையமான டிஆர்டிசி இன்று மைசூர் சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவன வளாகத்தில் இருக்கிறது. மனைவி சாரதா பெயரில் அவர் வைத்த அறக்கட்டளையும் இங்கேதான், அதன் இதழ் இன்றும் வருகிறது. இவை சங்கங்கள் அல்ல, உறுப்பினர் அட்டை எதுவும் கேட்கமாட்டார்கள். சொற்பொழிவு, பயிற்சிப் பட்டறை என்று அறிவிப்பு வந்தால் பதிவு செய்துகொண்டு போய் உட்காரலாம். மற்ற ஊர்க்காரர் 'புதிதாகக் கற்றுக்கொள்ள' என்று தேசியச் சங்கத்தில் கட்டும் பணம் நமக்கு அந்த அளவில் மிச்சம்.

வெளிநாட்டுச் சங்கங்களைப் பற்றியும் கேட்டான், அவன் வயதில் நானும் கேட்டேன். அமெரிக்க நூலகச் சங்கம் 1876இல் பிறந்தது, உலகில் மூத்தது. தகவல் அறிவியலுக்கு ஏசிஸ்ட், 1937. உலக அளவில் கூட்டமைப்பாக இஃப்லா, 1927இல் எடின்பரோவில் தொடங்கி, இப்போது ஹேக் நகரத்தில். 1992இல் இஃப்லா மாநாடு டெல்லியில் நடந்தது. இவற்றில் சந்தா டாலரிலோ யூரோவிலோ, அதுவும் வருடா வருடம். வளரும் நாட்டுக்காரர்களுக்குக் குறைந்த கட்டணம் வைத்திருக்கிறார்கள், அப்படியும் ஓர் ஆண்டுச் சந்தா இங்கே ஓர் ஆயுள் சந்தாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். அங்கே பிஎச்.டி. சேரப் போகிறவர், ஐ.டி. கம்பெனியில் டேக்ஸானமி எனும் தகவல் வகைப்பாடு, டேட்டா நிர்வாகம் என்று தகவல் வேலை செய்கிறவர், இவர்களுக்கு ஏசிஸ்ட் பொருந்தும். இந்த ஊரில் நூலக அறிவியல் படித்துவிட்டு நூலகம் பக்கமே வராமல் வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் நம்மைவிட மூன்று மடங்கு சம்பளம் வாங்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தியச் சங்கங்களில் இன்னும் சரியான நாற்காலி போடவில்லை. மற்றவர்களுக்கு இது அலங்காரம்.

ஆயுள் சந்தா பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் படிவத்திலும் அதுதான் மலிவாகத் தெரியும், சில வருடச் சந்தாவைச் சேர்த்தால் ஆயுள் சந்தா. நானும் அப்படித்தான் ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம், இருபத்தேழு வயதில் டிடி எடுத்து அனுப்பினேன். ரசீது வந்தது. அட்டை வரவில்லை. இரண்டு வருடம் கழித்து எழுதிக் கேட்டேன், பொறுப்பாளர்கள் மாறிவிட்டார்கள், மறுபடி ரசீது நகல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அப்புறம் இதழ் இரண்டு முறை வந்தது, பழைய வாடகை வீட்டு விலாசத்துக்கு. ஓட்டுச்சீட்டு ஒரு முறைகூட வந்ததில்லை. ஆயுள் முழுக்க உறுப்பினர்தான், காகிதத்தில். வருடச் சந்தா என்றால் அடுத்த ஜனவரியில் புதுப்பிக்காமல் விட்டிருப்பேன், அவர்களுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். எந்தச் சங்கமானாலும் முதல் இரண்டு வருடம் ஆண்டுச் சந்தா கட்டிப் பாருங்கள். ஆண்டறிக்கையும் வரவுசெலவும் உறுப்பினருக்கு அனுப்புகிறார்களா, பொதுக்குழு நடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆயுளுக்குப் போங்கள்.

எதிலுமே சேராமல் இருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வாட்ஸாப் குழுவில் எல்லாம் கிடைக்கிறதே! கிடைக்கிறது, உண்மை. கோஹா சந்தேகத்துக்குப் பத்து நிமிடத்தில் பதில் வரும். ஆனால் குழுவில் பதில் சொல்கிறவர் யார், அவரை அங்கே கொண்டுவந்தது எது என்று பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சங்கக் கூட்டத்தில் கைகுலுக்கியவர்தான். 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' தொடங்கியது, முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். பயன் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டும். எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகள் வாசலுக்கு வெளியே. நம்மையும் சேருங்கள் என்று வாட்ஸாப் குழு மனு போட முடியாது. பதிவு எண், கடிதத் தலைப்பு, தீர்மானம் உள்ள ஓர் அமைப்புதான் போட முடியும். அதற்கு என் ஓட்டும் சந்தாவும் போகட்டும் என்றுதான் ஐஎல்ஏவை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்.

ஆக, அவனுடைய ஐயாயிரத்துக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. முதலில் கலா. அது மெட்ரோ தூரம். அடுத்தது மாலா, ஏனென்றால் அவன் அம்மா கிருஷ்ணகிரியில் இருக்கிறார், முப்பது வயதுக்குள் ஓசூருக்கோ தர்மபுரிக்கோ திரும்பிவிடுவான் என்று எனக்கு ஓர் ஊகம். பெங்களூரிலேயே தங்குவது என்று முடிவு செய்தவர் மாலாவுக்குப் பதில் ஐஎல்ஏ எடுக்கலாம். ஆய்வுக்கூட நூலகத்தில் இருப்பவர் கலாவோடு ஐயாஸ்லிக். மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டு ஒரே ஒரு மாநாட்டுக்குப் போகும் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான்கு சங்கத்தில் அட்டை வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பதைவிட, இரண்டில் இருந்து ஒன்றுக்குப் போய்வருவது லாபம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், பழைய படிவத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பரிந்துரைக்கும் உறுப்பினர் கையெழுத்துக் கேட்கும் படிவமும் உண்டு, அதற்கு உங்கள் தலைமை நூலகரையே பிடியுங்கள்.

அவன் டெல்லி, கல்கத்தா படிவங்களை மடித்து டெல்நெட் படிவத்தோடு டிராயரில் வைத்தான். மாலா படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினான். கலாவுடையதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், விலாசம் எழுதும் இடத்தில் நின்றுவிட்டான். "அக்கா, ராமமூர்த்தி நகர்னு கன்னடத்துல எப்படி எழுதுறது?" ஆங்கிலத்தில் எழுதினால் போதும் என்றேன். இல்லை, கற்றுக்கொள்கிறேன் என்று ரஃப் பேப்பரை எடுத்தான். மூன்றாவது முறை எழுதியதில் ஓர் எழுத்துதான் தப்பு.